காவலில் வைத்தவன் சொல்லவேண்டிய பதில்

நம் நாட்டு நீதிமன்றங்களில் இன்று ஆட்கொணர்வு மனு என்று வழங்கும் விண்ணப்பத்துக்கு மூலமாகிய ஹேபியஸ் கார்ப்பஸ் ஆணை, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு சிறை அதிகாரியின் கைக்கு வந்து சேர்ந்தபோது, பார்வைக்கு மிக எளிய வஸ்துவாகவே இருந்தது. குறுகலான ஒரு தோல் துண்டு, அதன்மேல் நெருக்கி எழுதிய சில லத்தீன் வரிகள், மெழுகில் பதித்த முத்திரை, அவ்வளவே. அரசன் தன் காவலனுக்கு வந்தனம் கூறுகிறான். இன்னார் உன் காவலில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அவன் அங்கே எந்தப் பெயரால் வழங்கப்பட்டாலும் சரி, அவனுடைய உடலை, அவன் பிடிபட்ட நாளோடும் அடைபட்டிருக்கும் காரணத்தோடும் சேர்த்து, குறித்த தினத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் எம் முன்னிலையில் கொண்டுவா. எம்முடைய நீதிமன்றம் அவன் விஷயத்தில் எதை நிச்சயிக்கிறதோ அதற்கு அவன் உட்படட்டும். வரும்போது இந்த ஓலையையும் உடன் கொண்டுவா என்பதே அதன் வாசகத்தின் சாரம். காவலன் அந்தத் துண்டைப் புரட்டி அதன் முதுகிலேயோ, அதனோடு சேர்த்த வேறொரு துண்டிலேயோ, தன் பதிலை எழுதித் திருப்பியனுப்பக் கடமைப்பட்டவன்.

இதில் கட்டளைகள் இரண்டு அடங்கியிருக்கின்றன. ஆளைக் கொண்டுவா என்பது ஒன்று. அவனை ஏன் வைத்திருக்கிறாய் என்று சொல் என்பது மற்றொன்று. முதற் கட்டளையே ஆணைக்குப் பெயரை அளித்து உலகப் பிரசித்தி பெற்றதாயினும், இரண்டாவதிலேதான் அதன் உயிர் இருக்கிறது என்பது என் துணிபு. நம் உச்ச நீதிமன்றமே 1973-ல், கானு சன்யாலின் வழக்கில், ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தாமலும் இந்த மனுவை விசாரித்து முடிவு செய்யலாம் என்று கூறியிருக்கிறது. ஆனால் காவலில் வைத்தவன் காரணம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொள்ளுமானால், அன்றைக்கே இந்த ஆணை வெறும் தோல் துண்டாகிவிடும். ஆகையால் ஹேபியஸ் கார்ப்பஸின் சரித்திரத்தை, அதற்கு எழுதப்பட்ட பதில்களின் சரித்திரமாகவும், எழுத மறுக்கப்பட்ட பதில்களின் சரித்திரமாகவும் படிப்பதே அதை உள்ளபடி அறியும் வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

லத்தீன் மொழி இந்த ஆணைக்கு வாய்த்த விதத்தை முன்னே சொல்லிவிடுகிறேன். 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரச சபையிலிருந்து புறப்படும் திருமுகங்களெல்லாம் லத்தீனிலும், நீதிமன்ற வாதம் பிரெஞ்சிலும் நடந்துவந்தன. வழக்காடிய குடியானவனுக்கோ இரண்டும் தெரியா. 1362-ல் வாதத்தை ஆங்கிலத்தில் நடத்தவேண்டும் என்று சட்டம் வந்தபோதும், ஏடுகளில் பதிவது லத்தீனிலேயே இருக்கவேண்டும் என்று அச்சட்டமே விதித்தது. 1650-ல், அரசனைச் சிரச்சேதம் செய்துவிட்டுக் குடியரசை நிறுவியவர்கள், நீதிமன்றக் காரியம் அனைத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 1660-ல் முடியாட்சி திரும்பியபோது லத்தீனும் அதனுடன் திரும்பிவந்தது. கடைசியாக 1733-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் ஆங்கிலமே நீதிமன்ற மொழி என்று ஏற்பட்டது; ஆயினும், நெடுங்காலமாக ஆணைகளின் பெயர்களாய் ஊறிப்போன சில சொற்களை அவ்வாறே வைத்துக்கொள்ளலாம் என்று உடனடியாக இன்னொரு சட்டத்தால் அனுமதிக்க நேர்ந்தது. அந்த அனுமதியைப் பிடித்துக்கொண்டு தங்கியவற்றுள் ஹேபியஸ் கார்ப்பஸும் ஒன்று.

இவ்வாணைகளுக்குப் பெயர் அமைந்த முறை மிக எளிது; ஓலையில் முக்கியமாய் நிற்கும் சொல்லே ஓலையின் பெயராயிற்று. கடமையைச் செய்யத் தவறிய அதிகாரியைச் செய்யுமாறு ஏவும் ஆணை ‘கட்டளையிடுகிறோம்’ என்னும் பொருளுடைய மாண்டமஸ். கீழ் நீதிமன்றத்தின் ஏடுகளை மேலே தருவித்துப் பார்க்கும் ஆணை ‘தெரிவிக்கப்பட வேண்டி’ என்னும் பொருளுடைய செர்ஷியோராரி. ஒரு பதவியில் அமர்ந்திருப்பவனை ‘எந்த அதிகாரத்தின் பேரில்’ என்று கேட்பது கோ வாரண்டோ. சாட்சியை வரவழைக்கும் சப்பீனாவுக்குத் ‘தண்டனைக்கு உட்பட்டு’ என்றும், கச்சேரி வாசலில் முத்திரைத் தாளில் எழுதித்தரும் அஃபிடவிட்டுக்கு ‘பிரமாணம் செய்திருக்கிறான்’ என்றும் பொருள். இவற்றின் விவரம் இக்கட்டுரைக்கு அவசியமில்லை.

ஹேபியஸ் கார்ப்பஸ் பிறந்தபோது அது சுதந்திரத்தின் கருவியாகப் பிறக்கவில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில், வழக்குக்கு வரவேண்டிய பிரதிவாதியையோ, ஒளிந்து திரியும் ஜூரரையோ பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தும் பொருட்டே அரசனுடைய நீதிபதிகள் அதை உபயோகித்தார்கள். 1215-ஆம் ஆண்டின் மகா சாசனமாகிய மாக்னா கார்ட்டா, சட்டப்படி அன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்பிடிக்கலாகாது என்று தன் 39-ஆம் விதியில் கூறினாலும், அதில் இந்த ஆணையின் பெயர் கிடையாது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் ஒன்றோடொன்று அதிகாரத்துக்காகப் போட்டியிட்டபோது, ஒரு மன்றம் அடைத்துவைத்தவனை மற்றொரு மன்றம் வெளியே எடுப்பதற்கு இதைக் கையாண்டது. ஆளைப் பிடித்துவருவதற்கென்று அரசன் செய்துகொண்ட கருவி, ஆளைப் பிடித்துவைத்தவனிடம் கணக்குக் கேட்கும் கருவியாக இப்படிப் படிப்படியாக மாறியது. அரசனிடமே அந்தக் கணக்கைக் கேட்கலாமா என்பதுதான் பின்னர் எழுந்த பெரிய கேள்வி.

அந்தக் கேள்வி 1627-ல் நேரிடையாக எழுந்தது. முதலாம் சார்லஸ் மன்னன், பாராளுமன்றத்தின் சம்மதமின்றிக் கட்டாயக் கடன் என்ற பெயரால் குடிகளிடம் பணம் வசூலித்தான். கொடுக்க மறுத்தவர்கள் சிறைசென்றார்கள். அவர்களுள் தாமஸ் டார்னல் முதலிய பிரபுக் குடும்பத்தினர் ஐவர் ஹேபியஸ் கார்ப்பஸ் ஆணை பெற்றார்கள். சிறை அதிகாரி ஆட்களையும் கொண்டுவந்தான், பதிலும் எழுதினான். பதிலில் கண்டது, ‘அரசரின் விசேஷ உத்தரவினால்’ அவர்கள் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது ஒன்றே. குற்றம் இன்னது என்று இல்லை. விசாரணை என்றைக்கு என்றும் இல்லை. இத்தகைய பதிலை ஏற்பதானால், காரணம் கேட்கும் ஆணையே எதற்கு என்று ஜான் செல்டன் முதலிய வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். தலைமை நீதிபதி நிக்கோலஸ் ஹைடும் அவருடன் இருந்தவர்களும் அந்த ஐவருக்கும் விடுதலை தர மறுத்து, அவர்களைச் சிறைக்கே திருப்பியனுப்பினார்கள்.

அந்தத் தோல்வியே பின்வந்த வெற்றிகளுக்கெல்லாம் வித்தாயிற்று. மறு ஆண்டு, 1628-ல், பாராளுமன்றம் அரசனிடம் சமர்ப்பித்த உரிமை விண்ணப்பத்தில், காரணம் காட்டாமல் எவரையும் அடைத்துவைக்கலாகாது என்பது ஒரு பிரதான அம்சமாக இடம்பெற்றது. நட்சத்திர மண்டபம் என்று பெயர்பெற்ற கொடிய மன்றத்தை 1641-ல் ஒழித்த சட்டமோ, அரசனே உத்தரவிட்டு அடைத்திருந்தாலும் ஹேபியஸ் கார்ப்பஸ் செல்லும் என்றும், காரணத்தைக் காட்டித் தீரவேண்டும் என்றும், பதில் வந்து மூன்று நாளைக்குள் நீதிபதிகள் அது நியாயமா என்று ஆராயவேண்டும் என்றும் வகுத்துவிட்டது.

பதில் எழுதப்பட்டால் மட்டும் போதுமா, அது எப்படிப்பட்ட பதிலாயிருக்க வேண்டும் என்பது 1670-ல் நிச்சயமாயிற்று. குவேக்கர் மதத்தினராகிய வில்லியம் பென், வில்லியம் மீடு ஆகிய இருவரையும் லண்டன் வீதியில் கூட்டம் கூட்டிப் பிரசங்கம் செய்ததற்காக விசாரித்தபோது, ஜூரிகள் பன்னிருவரும் அவர்களைத் தண்டிக்க மறுத்தார்கள். கோபங்கொண்ட நீதிபதிகள் ஜூரிகள் மீதே ஆளுக்கு 40 மார்க் அபராதம் விதித்தார்கள். எட்வர்டு புஷல் என்னும் ஜூரரும் அவரோடு சிலரும் அபராதம் கட்டமாட்டோம் என்று சிறையிலேயே இருந்தார்கள். ஹேபியஸ் கார்ப்பஸுக்கு வந்த பதில், பூரணமும் பிரத்தியட்சமுமான சாட்சியத்துக்கு விரோதமாக இவர்கள் தீர்ப்பளித்தார்கள் என்று கூறியது. தலைமை நீதிபதி வாகன் அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பரிசீலித்தார். அந்தச் சாட்சியம் எது என்று சொல்லாதபோது அது பூரணமா அன்றா என்பதை நாங்கள் எப்படி அறிவது? பொத்தாம்பொதுவான சொற்களை எழுதியனுப்புவது காரணம் காட்டியதாகுமா? பதில் போதாது என்று முடிவு செய்து அவர் ஜூரிகளை விடுவித்தார். ஜூரிகளின் சுயேச்சையைக் காத்த தீர்ப்பு என்று இதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், அது சரியே. ஆனால் பதில் என்பது குறிப்பானதாய், பரிசோதிக்கக்கூடியதாய் இருக்கவேண்டும் என்று அது நிலைநாட்டியதும் அதே அளவு பெரிய காரியம் என்பேன்.

இவ்வளவுக்குப் பிறகும் சிறைக்காவலர்களுக்குத் தப்பும் மார்க்கங்கள் பல இருந்தன. முதல் ஆணைக்குப் பதிலே எழுதாமல் சும்மா இருந்துவிடுவார்கள், ‘இன்னொரு முறை’ என்ற பொருளில் அலியாஸ் என்னும் இரண்டாம் ஆணை வரும், அதற்கும் அசையார்கள், ‘பலமுறை’ என்ற பொருளில் ப்ளூரீஸ் என்னும் மூன்றாம் ஆணை வந்தபிறகே ஆளைக் கொண்டுவருவார்கள். அதற்குள் கைதியை ஒரு சிறையிலிருந்து மற்றொரு சிறைக்கு மாற்றிவிடுவதும், இங்கிலாந்தின் ஆணை செல்லாத தீவுகளுக்குக் கப்பலேற்றிவிடுவதும் உண்டு. 1676-ல் பிரான்சிஸ் ஜெங்க்ஸ் என்னும் லண்டன் வர்த்தகர், புதிய பாராளுமன்றத்தைக் கூட்டவேண்டும் என்று பேசியதற்காகச் சிறைப்பட்டு ஆணை கோரியபோது, இது விடுமுறைக் காலம் என்று சொல்லிவிட்டார்கள்.

1679-ஆம் ஆண்டின் ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டத்தைப் படிப்பவர்களுக்கு முதலில் ஏமாற்றமே உண்டாகும். மனித சுதந்திரத்தைப் பற்றிய கம்பீரமான பிரகடனம் எதுவும் அதில் இல்லை. இருப்பவையெல்லாம் நாட்கணக்கும் மைல்கணக்கும் அபராதக் கணக்குமே. 20 மைலுக்குள் இருக்கும் சிறையானால் 3 நாளில் பதில் வரவேண்டும்; 100 மைல் வரை 10 நாள்; அதற்கு அப்பால் 20 நாள். கைதியை அழைத்துவரும் செலவுக்கு மைலுக்கு 12 பென்ஸுக்கு மேல் கேட்கலாகாது. எந்த உத்தரவின்பேரில் அடைத்தாய் என்று கைதி நகல் கேட்டால் 6 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கத் தவறும் காவலன் முதல் தடவைக்கு 100 பவுனும் மறு தடவைக்கு 200 பவுனும் கைதிக்கே செலுத்துவதோடு உத்தியோகத்தையும் இழப்பான். விடுமுறையில் ஆணை தர மறுக்கும் நீதிபதிக்கு 500 பவுன். கைதியைக் கடல் கடந்து அனுப்புவது கடுங்குற்றம். முந்தைய ஐம்பது வருஷங்களில் ஒவ்வொரு காவலனும் எந்தெந்தச் சந்தில் நுழைந்து ஓடினானோ, அந்தந்தச் சந்தைக் கண்டு அடைத்திருக்கிறார்கள் என்பது பொறுமையோடு படித்தால் விளங்கும். அதை இயற்றியவர்களுக்குச் சிறையின் நடைமுறை தெரிந்திருந்தது. பிரகடனங்களைவிட இத்தகைய சட்டமே எளியவனுக்கு அதிகம் பயன்படும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தப் பயன் எந்த எல்லைவரை சென்றது என்பதை 1772-ல் உலகம் கண்டது. ஜேம்ஸ் சாமர்செட் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்டு, வர்ஜீனியாவில் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவரால் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. எஜமானுடன் லண்டனுக்கு வந்த அவர் அங்கே தப்பியோடினார், பிடிபட்டார், ஜமைக்காவில் விற்கப்படும்பொருட்டு, தேம்ஸ் நதியில் நின்ற ஒரு கப்பலில் விலங்கிட்டு வைக்கப்பட்டார். அவருடைய ஞானப் பெற்றோர் மூவர் ஹேபியஸ் கார்ப்பஸ் கேட்க, மான்ஸ்பீல்டு பிரபு ஆணை பிறப்பித்தார். கப்பல் தலைவன் நோல்ஸ் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திப் பதிலும் அளித்தான். இவன் ஸ்டூவர்ட்டின் அடிமை, அவர் சொல்லியே வைத்திருக்கிறேன் என்பதே பதில். காவலில் வைத்தவன் இங்கே காரணத்தை மறைக்கவில்லை, பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டான். அந்தக் காரணம் இங்கிலாந்தின் சட்டத்தில் காரணமாகுமா என்று கேட்க வேண்டியதே பாக்கி. ஜூன் மாதம் 22-ஆம் தேதி, ஆகாது என்று மான்ஸ்பீல்டு தீர்ப்பளித்தார். அவர் முடிவு செய்தது இந்த ஒருவரைப் பலவந்தமாகக் கடல் கடத்த முடியாது என்பதை மட்டுமே; சாம்ராஜ்யத்தின் கரும்புத் தோட்டங்களில் அடிமைத்தனம் மேலும் அறுபது வருஷம் நீடித்தது. எனினும் மனிதனைச் சொத்தாகக் கொண்ட ஒரு முறையை, காரணம் சொல் என்ற ஒரே கேள்வி சபை நடுவில் நிறுத்திக் கூனிக் குறுகச் செய்தது.

இந்தியாவுக்கு இந்த ஆணை கப்பலேறி வந்தது, கம்பெனியார் காலத்தில், துறைமுக நகரங்களில் அரசனின் பெயரால் நிறுவிய சுப்ரீம் கோர்ட்டுகளின் மூலமாக. கல்கத்தாவில் 1774-லும், சென்னையில் 1801-லும், பம்பாயில் அதற்குப் பின்னும் அவை தோன்றின. நகர எல்லைக்கு அப்பால் இருக்கும் பிரஜைகளுக்கும் அந்த ஆணை செல்லுமா என்பதில் 1828-ல் பம்பாயில் மூண்ட தகராறு, நம் சட்ட சரித்திரத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் பேசப்பட வேண்டிய ஓர் அத்தியாயம். புனாவில் பாண்டுரங்க ராமச்சந்திரர் என்னும் உறவினரின் காவலில் இருந்த மோரோ ரகுநாதன் என்ற சிறுவனைக் கொண்டுவரும்படி அந்தக் கோர்ட்டார் ஆணை பிறப்பித்தனர். கவர்னர் சர் ஜான் மால்கமின் அரசாங்கமோ, மாகாணத்து அதிகாரிகளும், பம்பாய் நகரில் வசிக்காத சுதேசப் பிரஜைகளும் இத்தகைய ஆணைகளுக்குப் பதில் எழுதவேண்டியதில்லை என்று தீர்மானித்து, அதை நீதிபதிகளுக்கே கடிதமாக எழுதி அனுப்பியது. தலைமை நீதிபதியும் மற்றொரு நீதிபதியும் அடுத்தடுத்து இறந்துவிட, சர் ஜான் பீட்டர் கிராண்ட் ஒருவரே மிஞ்சினார். தம்முடைய ஆணைக்கு அரசாங்கமே கீழ்ப்படியாதபோது நீதிபரிபாலனம் என்று ஒன்று நடப்பதாகப் பாவனை செய்வது தகாது என்று கருதி, 1829-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அவர் கோர்ட்டையே மூடிவிட்டார். லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற விவகாரத்தில் அவர் பக்கம் தோற்றது. நகர எல்லைக்கு வெளியே வசிக்கும் சாதாரணப் பிரஜை விஷயத்தில் அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று ஆயிற்று.

அந்தத் தீர்மானத்தின் விளைவு நம் மாகாணத்தையும் விடவில்லை. 1862-ல் உயர் நீதிமன்றம் ஏற்பட்ட பிறகும், இந்த லத்தீன் ஆணைகளின் பூரண பலன் ஜார்ஜ் டவுனில் வசிப்பவனுக்கு உண்டு, தஞ்சாவூரில் வசிப்பவனுக்கு இல்லை என்ற விபரீதம் ஏதோ ஒரு வடிவில் நீடித்துவந்தது. காவலில் உள்ளவனை வரவழைக்கும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 491-ஆம் பிரிவில் புகுந்து, 1923-ல் மாகாணம் முழுவதற்கும் விரிவடைந்தது. செர்ஷியோராரிக்கு அந்த யோகமும் வாய்க்கவில்லை. கஞ்சம் ஜில்லாவின் குடியானவர்கள் பர்லாகிமிடி ஜமீன்தாருக்கு எதிராக, குத்தகை உயர்வைப் பற்றிய ரெவினியூ போர்டின் உத்தரவை ரத்து செய்யக் கேட்டபோது, போர்டு சென்னையில் அமர்ந்திருந்தாலும் நிலம் சென்னையில் இல்லையே என்று 1943-ல் பிரிவி கவுன்சில் கைவிரித்துவிட்டது.

கடலுக்கு அப்பால் இலங்கையில், 1937-ல், தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் துன்பத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு ஹேபியஸ் கார்ப்பஸ் வழக்கு அந்தத் தீவையே கலக்கியது. மார்க் ஆந்தனி பிரேஸ்கர்டில் என்னும் வெள்ளைக்கார இளைஞர் தேயிலைத் தோட்டத் தொழில் பழக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் நடத்தப்படும் விதத்தைக் கண்டு மனம் பொறாமல், துரைமார்களுக்கு எதிராக மேடையேறிப் பேசலானார். கவர்னர் ஸ்டப்ஸ், 48 மணி நேரத்தில் தீவைவிட்டு வெளியேறும்படி உத்தரவிட்டார். இளைஞர் தலைமறைவாகி, கொழும்பு காலிமுகத் திடலில் கூடிய பெருங்கூட்டத்தில் தோன்றி, பின்பு பிடிபட்டார். எச். வி. பெரேரா அவருக்காக வாதாடினார். 1896-ஆம் ஆண்டின் ராஜாங்க சாசனம் எனக்கு அதிகாரம் தருகிறது என்பதே கவர்னர் தரப்பின் பதில். அந்தச் சாசனம் நெருக்கடிக் காலத்துக்கு என்று ஏற்பட்டது. பேச்சுரிமையைப் பிரயோகித்த ஒரு பிரஜையின்மேல் அதை ஏவ முடியாது என்று மே 18-ஆம் தேதி தலைமை நீதிபதி ஏப்ரஹாம்ஸும் அவருடைய சகாக்களும் அவரை விடுவித்தார்கள்.

1950-ல் நம் அரசியல் சட்டம், 32-ஆம், 226-ஆம் ஷரத்துக்களில் ஹேபியஸ் கார்ப்பஸ் உள்ளிட்ட ஐந்து ஆணைகளை அவற்றின் பழைய பெயர்களாலேயே குறிப்பிட்டு, நகரமென்றும் கிராமமென்றும் பேதமின்றித் தேசம் முழுவதற்கும் அளித்தது. டாக்டர் அம்பேத்கர் 32-ஆம் ஷரத்தை அரசியல் சட்டத்தின் ஆன்மாவும் இருதயமும் என்று வர்ணித்தார். அந்த ஆன்மாவுக்கு முதற் சோதனை சென்னை ராஜ்யத்திலிருந்தே வந்தது. 1947-ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து சிறையில் இருந்துவந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலனுக்கு, 1950-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அப்போதுதான் பிறந்திருந்த தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் புதிய உத்தரவொன்று சிறையிலேயே சார்வு செய்யப்பட்டது. அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, காவலுக்குரிய காரணங்களை நீதிமன்றத்திலுங்கூட வெளியிடலாகாது, வெளியிட்டால் குற்றம் என்று விதித்திருந்தது. எம். கே. நம்பியார் வாதாடினார், ஆறு நீதிபதிகள் விசாரித்தார்கள். மே 19-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், சட்டம் செல்லும் என்று பெரும்பான்மையோர் கூறினர். பசல் அலி மாறுபட்டார். கோபாலனுக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் 14-ஆம் பிரிவு செல்லாது என்று நீக்கப்பட்டது. காரணத்தை நீதிபதியின் கண்ணிலும் காட்டாமல் வைப்பது, 1627-ல் சார்லஸ் மன்னனின் காவலன் எழுதிய பதிலைவிட ஒரு படி கீழானது. அவனாவது, அரசர் உத்தரவு என்று ஏதோ எழுதினான்.

அதைவிடவும் கீழான நிலைக்கு நாம் இறங்கிய காலம் ஒன்று உண்டு. 1975-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ஆம் தேதி அவசர நிலை பிரகடனமாகி, 27-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் உத்தரவு உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பளிக்கும் 21-ஆம் ஷரத்தை அமலாக்கக் கோரும் உரிமையை நிறுத்திவைத்தது. அப்படியிருந்தும், காவல் உத்தரவு தனக்கு ஆதாரமான சட்டத்துக்கே பொருந்துகிறதா என்றாவது நாங்கள் கேட்போம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறின. 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி, ஜபல்பூர் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளுள் நால்வர், ஒருவரும் கேட்க முடியாது என்று முடிவு செய்தார்கள். வழக்கு நடக்கையில் நீதிபதி எச். ஆர். கன்னா, ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகையினால் ஒருவனைக் கொன்றுவிட்டாலும் பரிகாரம் இல்லையா என்று வினவ, அட்டர்னி ஜெனரல், அவசர நிலை இருக்கும்வரை இல்லை என்றே விடையளித்தார். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். மறு வருஷம் ஜனவரியில் தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி அடுத்தவருக்குச் சென்றது. அவர் ராஜிநாமா செய்தார்.

பரிகாரம் இல்லாத அந்த மாதங்களில் சிறைக்கூடங்களில் என்ன நடந்தது என்பதற்குக் கேரளத்தின் ராஜன் வழக்கே போதுமான அத்தாட்சி. கோழிக்கோட்டு மண்டலப் பொறியியற் கல்லூரி மாணவரான ராஜனை 1976-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதி போலீஸார் பிடித்துச் சென்றார்கள். தகப்பனார், இந்திப் பேராசிரியர் ஈச்சர வாரியர், அதிகாரிகளிடமும் மந்திரிகளிடமும் ஒரு வருஷம் நடையாய் நடந்தார். அவசர நிலை நீங்கிய உடனே, 1977-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கேரள உயர் நீதிமன்றத்தில் ஹேபியஸ் கார்ப்பஸ் மனுப் போட்டார். ராஜனைக் கைது செய்யவேயில்லை என்பது அரசாங்கத்தின் பதில். நீதிபதிகள் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. உடனிருந்த மாணவர்களையும், கக்கயம் போலீஸ் முகாமில் அடைபட்டிருந்தவர்களையும் சாட்சிக்கூண்டில் ஏற்றி விசாரித்து, பையன் போலீஸ் காவலில் இருந்தான் என்று நிச்சயித்து, ஆளைக் கொண்டுவரும்படி உத்தரவிட்டார்கள். அதன்பிறகே, அவர் காவலில் இறந்துபோனார் என்ற உண்மை பிரமாணப் பத்திரமாக வந்தது. அவசர நிலைக் காலத்தில் உள்துறை மந்திரியாயிருந்து, அப்போதுதான் முதல் மந்திரியாகியிருந்த கருணாகரன் ஏப்ரல் மாதத்திலேயே பதவி விலகினார். உடலைக் கொண்டுவா என்ற ஆணைக்கு உடல் வரவில்லை. ஆயினும், ஒரு வருஷமாக எந்த மந்திரி அலுவலகத்திலும் கிடைக்காத பதில், அந்த மனுவின் மூலமே அந்தத் தகப்பனாருக்குக் கிடைத்தது.

1978-ல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம், அவசர நிலையிலும் 20-ஆம், 21-ஆம் ஷரத்துக்களை நிறுத்திவைக்க முடியாதென்று செய்துவிட்டது. ஜபல்பூர் தீர்ப்பு தவறானது என்று உச்ச நீதிமன்றமே 2017-ல் வெளிப்படையாகக் கூறிற்று. இங்கிலாந்தில் இதற்கிடையே, சாதாரண ஜனங்களுக்கு விளங்கும் மொழி வேண்டும் என்று 1999 முதல் நீதிமன்ற விதிகளை மாற்றி எழுதியபோது, செர்ஷியோராரி போயிற்று, மாண்டமஸ் போயிற்று, சப்பீனாவும் போயிற்று. ஹேபியஸ் கார்ப்பஸ் ஒன்றை மட்டும் பெயர் மாற்றாமல் விட்டார்கள்.

நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் அதன் மதுரைக் கிளையிலும் இன்று இம்மனுக்களில் பெரும்பகுதி, குண்டர் சட்டம் என்று ஜனங்கள் வழங்கும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தின்கீழ், விசாரணையின்றி ஒரு வருஷம் வரையில் அடைக்கப்படுகிறவர்களுக்காகத் தாயாரோ மனைவியோ போடுபவை. நீதிபதிகள் அங்கே ஆராய்வது என்ன? கைதியின் முறையீடு எந்தத் தேதியில் வந்தது, கோப்பு எந்த அதிகாரியின் மேசையில் எத்தனை நாள் கிடந்தது, இடையில் விடுமுறை எத்தனை, மிச்சமுள்ள தாமதத்துக்கு விளக்கம் உண்டா, கைதிக்குக் கொடுத்த பிரதியில் ஏதேனும் பக்கம் படிக்கமுடியாதபடி இருக்கிறதா, அவருக்குத் தெரிந்த பாஷையில் மொழிபெயர்ப்புத் தந்தார்களா என்பவையே. இத்தகைய அற்ப விஷயங்களுக்காகக் காவல் உத்தரவை ரத்து செய்வதா என்று குறைகூறுவோர் உண்டு. அவர்களுடைய அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. குற்றச்சாட்டோ, சாட்சியோ, குறுக்கு விசாரணையோ, தீர்ப்போ இல்லாமல் ஒரு மனிதனைப் பூட்டி வைக்கும்போது, அவனுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருப்பது அந்தக் காகிதங்கள் மட்டுமே. அவையும் பிழைபட்டால் அவனுக்குச் சொல்லப்பட்ட காரணம் என்று ஒன்று இல்லாமலே போகிறது.

1962-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹரிகிசன் வழக்கில் நடந்ததும் இதுவே. மகாராஷ்டிரத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட அவருக்குக் காரணங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியில் கொடுங்கள் என்று அவர் கேட்டார். ராஜ்யத்தின் ஆட்சிமொழி இன்னும் ஆங்கிலந்தான் என்றும், போலீஸ் அதிகாரி வாய்மொழியாக அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார் என்றும் அரசாங்கத்தார் பதிலளித்தார்கள். பல பக்கங்களில் விரியும் காரணங்களை ஒருமுறை காதால் கேட்டுவிட்டு, சிறையிலிருந்தபடி அவற்றுக்கு ஒருவன் எப்படி மறுப்பெழுதுவான் என்று யோசித்த நீதிபதிகள், அவனுக்கு விளங்கும் மொழியில் எழுத்தில் கொடுக்காதவரை காரணம் தெரிவிக்கப்பட்டதாகவே ஆகாது என்று முடிவு செய்து, அந்தக் காவல் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தார்கள்.